கழலையும் உப்பும்: வைட்டிலாவிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

வைட்டிலாவில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார சேச்சியும் அவருடைய மகனும் மருமகளும் இருக்கிறார்கள். மருமகள் எட்டு வாரக் கர்ப்பிணி. சென்ற வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற எண் இருக்க வேண்டிய அளவைவிட உயர்ந்திருந்தது. தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று சொல்லி, தினமும் காலையில் ஒரு மாத்திரை எடுக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மாத்திரை வாங்கப்பட்டது; ஆனால் பிரிக்கப்படவில்லை. மாறாக, அன்று மாலையே அடுக்களையில் இருந்த பாக்கெட் உப்பு வெளியேறி, மட்டாஞ்சேரி மசாலாக் கடையொன்றில் வாங்கிய இளஞ்சிவப்பு நிற இந்துப்பு அந்த இடத்தில் வந்து அமர்ந்தது.

காரணம், யாரோ அனுப்பிய ஒரு காணொலி. கேரளத்துக்குக் கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது, நமக்கு எதற்கு அயோடின் கலந்த உப்பு. அந்த உப்பு வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தைராய்டு வந்தது என்பது அதன் சாரம். மாத்திரையைத் தொடங்கினால் ஆயுள் முழுதும் விட முடியாதாம். எனவே முதலில் உப்பை மாற்றி ஒரு மாதம் பார்க்கலாம் என்று குடும்பம் முடிவு செய்திருந்தது. "நீ உப்பைப் பற்றித்தானே படிக்கிறாய் மோளே, நீயே சொல்லு, உப்புதானே காரணம்?" என்று சேச்சி கேட்டார்.

என் முனைவர் பட்ட ஆய்வு உப்பின் வரலாறு பற்றியது, நான் தூத்துக்குடிக்காரி, என் ஆச்சி உப்பளத்தில் உப்பு சுமந்தவர். கழுத்தின் முன்புறம் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கத்தோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். கடலுக்கும் உப்புக்கும் நடுவில் வாழ்ந்தவருக்கு அது ஏன் வந்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆகவே சேச்சியின் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிரவு அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளம் பொறுத்தருள்க.

*

நாளமில்லாச் சுரப்பி என்ற தொடர் பலருக்குப் பள்ளிப் பாடநூலோடு நின்றுபோன ஒன்று. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒரு நாளம் உண்டு. சுரந்தது அதன் வழியே வாய்க்கு வந்து சேரும். தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் போன்றவற்றுக்கு அத்தகைய வாய்க்கால் கிடையாது. தாம் உண்டாக்கியதை நேரே ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. அது உடலெங்கும் சுற்றி, தன்னை அடையாளம் காணும் உயிரணுக்களில் மட்டும் வேலை செய்கிறது. உடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குச் செய்தி அனுப்ப நரம்பு மட்டுமே வழி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலோர் நம்பினார்கள். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதில் அமிலத்தை இட்டுப் பார்த்தார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. செய்தி ரத்தத்தின் வழியே போயிருந்தது. அத்தகைய பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற பெயரைப் பொதுவழக்குக்குக் கொண்டுவந்தார். தூண்டுவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது அது.

தைராய்டு முன்கழுத்தில், மூச்சுக்குழலை அணைத்தபடி, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் 20 கிராம் அளவான சுரப்பி. அது உண்டாக்கும் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. அதனால் அதற்கு டி4 என்றும் பெயர். கல்லீரலும் சிறுநீரகமும் மற்ற திசுக்களும் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகின்றன. உயிரணுவுக்குள் போய் உண்மையில் வேலை செய்வது இந்த டி3தான். உடல் எவ்வளவு வேகமாக எரிபொருளை எரிக்க வேண்டும், இதயம் எவ்வளவு துடிக்க வேண்டும், குழந்தையின் எலும்பும் மூளையும் எப்படி வளர வேண்டும் என்பவற்றில் அதற்குப் பங்கு உண்டு. நம் உடல் அயோடினை உண்டாக்காது. உணவிலும் நீரிலும் வந்தால்தான் உண்டு. நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஆயுள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது.

இதை மேற்பார்வை செய்வது மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி. எங்கள் பக்கத்துக் குளத்துப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு எளிதாகப் புரியும். மடைக்காரர் குளத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கடைமடை வயலைப் பார்க்கிறார். அங்கே நீர் குறைந்தால் மடையை இன்னும் திறக்கிறார், நிறைந்தால் அடைக்கிறார். பிட்யூட்டரியும் ரத்தத்தில் தைராக்சின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. குறைந்தால் டி.எஸ்.எச். என்ற தன் ஹார்மோனை மிகுதியாக விடுகிறது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் கட்டளை அது. பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதாலமஸ் என்ற மூளைப்பகுதி இருந்து அதன் கையைப் பிடித்து நடத்துகிறது. இந்த மேற்பார்வை மிகக் கூர்மையானது. தைராக்சின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு உயரும். பரிசோதனைக் கூடத்தில் தைராக்சினை விட்டுவிட்டு டி.எஸ்.எச்.-ஐ முதலில் பார்ப்பது அதனால்தான். சிறு குறையையும் மடைக்காரரின் பதற்றம் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

இப்போது அயோடினே வராத ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். தைராக்சின் குறைகிறது, பிட்யூட்டரி கட்டளையிடுகிறது, மூலப்பொருள் இல்லாததால் சுரப்பி நிறைவேற்ற முடியவில்லை. கட்டளை மேலும் வலுக்கிறது. சுரப்பி தன்னால் முடிந்த ஒன்றைச் செய்கிறது: வளர்கிறது. உயிரணுக்களைப் பெருக்கி, ரத்தத்தில் ஓடும் அயோடினில் ஒரு துகளையும் விடாமல் பிடிக்கப் பார்க்கிறது. கழுத்தில் தெரியும் முன்கழுத்துக்கழலை இந்த உழைப்பின் அடையாளம். சுசுருத சம்ஹிதை இதைக் கலகண்டம் என்கிறது. மலையாளிகள் தொண்டமுழ என்கிறார்கள். கழலையை வெட்டி எறிய வேண்டிய கட்டியாக மட்டும் மருத்துவம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோக்கர் என்ற பெரும் அறுவை மருத்துவர் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்ட தம் பழைய நோயாளிகளை 1883-இல் வரவழைத்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் உடல் வீங்கி, சிந்தை மந்தமாகி நின்றார்கள். அவருக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியில் செலுத்த, அவர் தேறி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். மாத்திரையை ஆயுள் முழுதும் எடுக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறவர்களிடம் நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுண்டு. 1895-இல் பௌமன் தைராய்டுக்குள் அயோடின் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் அது சுரப்பியில் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

*

நம் நாட்டுக் கதை கில்கித்தில் தொடங்குகிறது. குன்னூர் வழியாக வருகிறது.

ராபர்ட் மெக்கேரிசன் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, இருபதுகளின் நடுவிலேயே சித்ராலிலும் பிறகு கில்கித்திலும் பணியாற்றிய அயர்லாந்துக்காரர். அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் கழலை இல்லாத வீடு அரிது. ஒரே ஓடையின் கரையில் மேலிருந்து கீழாக அடுக்கிய ஊர்களில், கீழே போகப்போகக் கழலை கூடுவதை அவர் கண்டார். மேல் ஊரின் அழுக்கு கீழ் ஊரின் குடிநீர். ஆகவே நீரில் உள்ள ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று முடிவுகட்டினார். அதை நிறுவ அந்த நீரின் வண்டலைத் தாமே குடித்தார், பிறருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. வண்டலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் வீங்கவில்லை. தம் உடலையே சோதனைக்கூடமாக்கிய அந்தத் துணிவை எண்ணி வியக்கிறேன். ஆனால் அவருடைய முடிவு முதன்மைக் காரணத்தைத் தவறவிட்டது. அசுத்த நீர் கழலையை மிகுவிக்கலாம். அந்த மலைகளின் அடிப்படைக் குறையோ பனியும் மழையும் காலங்காலமாக மண்ணிலிருந்து கழுவிச் சென்ற அயோடின்.

மெக்கேரிசனின் இன்னொரு பணி கிருமிக் கோட்பாட்டைக் கடந்து நிலைத்தது. 1908-இல் அவர் அந்தப் பள்ளத்தாக்குகளின் பிறவிக் குறைபாட்டை விவரித்தபோது அதில் இரு வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வளர்ச்சி குன்றி முகம் வீங்கிய குள்ள வகை. மற்றொன்று, உயரம் பெரிதும் குன்றாமல், செவியும் பேச்சும் இழந்து, கால்கள் விறைத்து நடக்கும் நரம்பு வகை. கில்கித்தில் இரண்டாவதே மிகுதி. அந்தக் குழந்தைகளின் தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கழலை இருந்ததையும் அவர் குறித்தார். தாயின் கழுத்துக்கும் குழந்தையின் காதுக்கும் என்ன தொடர்பு என்பது விளங்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

அவர் 1918-இல் குன்னூருக்கு வந்தார். பாஸ்டர் நிறுவன வளாகத்தில் அவர் தொடங்கிய சிறு ஆய்வே பிறகு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1950-களின் இறுதியில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் அந்த ஆய்வகம் இருந்த காலத்தில், 1947-இல், ஸ்ரீகாகுளத்தைச் சேர்ந்த ஓர் இளம் நோய்க்குறியியல் அறிஞர் அங்கே பணிக்குச் சேர்ந்தார். பெயர் ராமலிங்கசுவாமி. மெக்கேரிசன் தொடங்கி வைத்த ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட இவர்தான், மெக்கேரிசன் விட்ட இடத்தை நிரப்பினார்.

1950-களின் நடுவில் இமயமலை அடிவாரத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில், சுமார் ஒரு லட்சம் மக்களை மூன்று மண்டலங்களாக ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவும் பிரித்தார்கள். தொடக்கத்தில் மக்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினருக்குக் கழலை இருந்தது. 1956 முதல் 'ஏ' மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, 'சி' மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, நடுவில் உள்ள 'பி' மண்டலத்துக்கு வெறும் உப்பு. 1962-இல் திரும்பிப் பார்த்தபோது ஏ, சி இரண்டிலும் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பி அப்படியே இருந்தது. பிறகு பி மண்டலத்துக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கும் கழலை சரிந்தது. அயோடைடு ஈரக்காற்றில் எளிதாகப் பறந்துபோகும், அயோடேட் நிற்கும். கோணிப்பையில் மழைக்காலத்தைக் கடக்கும் நம் நாட்டு உப்புக்கு எது பொருந்தும் என்பது இதனால் தெளிவாயிற்று. இன்றும் நம் பாக்கெட் உப்பில் இருப்பது அயோடேட்தான்.

காங்ரா ஆய்வைப் புகழ்கிறவர்கள் பி மண்டலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சுவிட்சர்லாந்தின் ஒரு மாநிலத்தில் 1922-லேயே, அமெரிக்காவின் மிச்சிகனில் 1924-லேயே அயோடின் உப்பு கடைக்கு வந்துவிட்டது. அது பயன் தரும் என்பது 1956-இல் புதிய செய்தியன்று. இந்திய நிலைமையில், இந்திய உப்பில், இந்திய அரசு நம்பும்படி நிறுவ வேண்டியிருந்தது என்பது உண்மை. அந்த நிறுவலுக்கான விலையில் ஒரு பங்கை, ஆறு ஆண்டுகள் வெறும் உப்பு உண்ட கர்ப்பிணிகள் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ராமலிங்கசுவாமியை நான் பெரிதும் மதிக்கிறேன். மதிப்பு இந்த உறுத்தலை அகற்றிவிடவில்லை.

தாய்க்கும் குழந்தைக்குமான புதிரைத் தீர்த்தது பாப்புவா நியூ கினியா. 1966-இல் அங்கே தொடங்கிய ஓர் ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே அயோடின் எண்ணெய் ஊசி பெற்ற தாய்மார்களின் குழந்தைகள் அந்தப் பிறவிக் குறையிலிருந்து தப்பினார்கள். கருத்தரித்த பின் பெற்றவர்களுக்கு அந்த உறுதி கிட்டவில்லை. கருவின் தைராய்டு பன்னிரண்டாவது வாரம் வாக்கில்தான் ஹார்மோன் உண்டாக்கத் தொடங்குகிறது; அது முழுமையாக இயங்க இருபது வாரம் ஆகும். அதுவரை குழந்தையின் மூளைக்கு வேண்டிய தைராக்சின் தாயின் ரத்தத்திலிருந்தே போக வேண்டும். செவியை அமைக்கும் நரம்புகள் உருவாகும் காலமும் அதுவே. கில்கித்தில் மெக்கேரிசன் கண்ட செவிட்டு ஊமைக் குழந்தைகள், தாய்க்குத் தான் கர்ப்பம் என்று உறுதியாகும் முன்பே பாதிக்கப்படத் தொடங்கியவர்கள். கேரளத்தவரான கொச்சுப்பிள்ளையும் சக ஆய்வாளர்களும் 1980-களில் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவரியா போன்ற மாவட்டங்களில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, பிறந்த குழந்தைகளின் தைராய்டுக் குறையை அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட, அயோடின் குறையாத நிலம் கேரளம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பல மடங்கு. அயோடின் உப்பு வேண்டும் என்ற வாதத்தில் கழலை பின்னுக்குப் போய் மூளை முன்னுக்கு வந்தது இத்தகைய ஆய்வுகளால்தான்.

*

சேச்சியின் காணொலி சொன்ன முதல் வாதம், கடலோரத்தாருக்குக் கடல் உப்பே போதும் என்பது. என் ஊரிலும் இதையே சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள்; அயோடினோ 50, 60 மைக்ரோகிராம் மட்டும். பாத்தியில் உப்பு விளையும்போது அந்த அயோடின் முழுதும் உப்போடு தங்கிவிடுவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு நாம் உண்ணும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராமுக்கு மேல் தேறாது. வேண்டியது 150. உண்மையில் பெரும்பகுதி உப்போடு தங்குவதும் இல்லை. கடலின் அயோடினை நமக்காகச் சேர்த்து வைப்பவை மீனும் இறாலும் சிப்பியும் கடற்பாசியும், உப்பு அல்ல. அயோடின் என்ற தனிமமே 1811-இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் கிடைத்தது. உப்பு சுமந்த என் ஆச்சியின் தட்டில் மீன் தினமும் விழுந்ததில்லை. ஏற்றுமதிக்குப் போன இறாலை அவர் கண்ணால் பார்த்ததோடு சரி.

மலை உப்பின் கதையோ இன்னும் வேடிக்கையானது. இந்துப்பு எனப்படும் இளஞ்சிவப்பு உப்பு பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள கேவ்ராவில் வெட்டப்படுகிறது. காங்ராவுக்கு அடுத்த மண்டியிலும் குமா, திராங் சுரங்கங்களில் பாறை உப்பு உண்டு. பாறை உப்பு அருகிலேயே கிடைத்தும் அந்த மலை மக்களின் கழுத்து வீங்கியது. அதில் அயோடின் இல்லை எனுமளவுக்குக் குறைவு. மலைக்காரர்களைக் காப்பாற்றக் கடலோர உப்பில் அயோடின் கலந்து ரயிலில் ஏற்றிய நாடு இது. இப்போது கடலோரத்தில் இருக்கும் நாம் காசு கொடுத்து மலை உப்பை வரவழைக்கிறோம்.

சட்டத்தின் வரலாறும் நேர்கோடாக இல்லை. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அப்போது அது மலைப்பகுதிகளின் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. உண்ணும் உப்பு எல்லாவற்றிலும் அயோடின் வேண்டும் என்ற முடிவு 1980-களில் வந்தது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதை 1998 மே மாதம் மத்திய அரசு நாடெங்கும் தடை செய்தது. 2000 செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. 2006 மே மாதம் மீண்டும் கொண்டுவந்தது. எதிர்த்தவர்கள் தண்டியை நினைவூட்டினார்கள். வேதாரண்யத்தில் 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பள்ளிய மண்ணைச் சேர்ந்தவள் என்ற முறையில் அந்த வாதத்தின் உணர்ச்சி எனக்குப் புரிகிறது. சில ஏக்கர் உப்பளம் வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளருக்கு அயோடேட் கரைசலும் தெளிப்பு இயந்திரமும் பரிசோதனையும் பாக்கெட்டும் செலவு. பெரிய நிறுவனத்துக்கு அது சந்தை. இந்த அநீதியைப் பொது நலத் திட்டத்தின் ஆதரவாளர்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கலப்படத்தைத் தடுக்கும் சட்டத்தை ஒரு சத்தைக் கட்டாயமாக்கப் பயன்படுத்த முடியாது என்று அந்த விதியைச் செல்லாததாக்கியது; ஆனால் மக்கள் நலன் கருதி ஆறு மாதம் நீடிக்க விட்டது. அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகள் அதன் இடத்தை நிரப்பின. உப்பில் அயோடின் உற்பத்தி இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கும், வாங்குபவர் கைக்கு வரும்போது 15 பங்கும் இருக்க வேண்டும் என்பது நீண்ட நாள் அளவுகோல். 15 பங்கு என்றால் 10 கிராம் உப்பில் சரியாக 150 மைக்ரோகிராம்.

நாட்டில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. 2018-19-இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலமும் தமிழ்நாடே: சுமார் 62 விழுக்காடு. நம் வீடுகளின் கல்லுப்பு ஜாடிதான் அதற்கு முதல் காரணம்.

*

கேரளத்துக்கு வருகிறேன். வைட்டிலாவில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உவர்நிலத்துப் பொக்காளி நெல்லுக்கான இடம் அது. பொக்காளி வயலில் மழைக்காலத்தில் நெல், நீர் உவர்க்கும் மாதங்களில் இறால். காயலை ஒட்டி வாழ்ந்தவர்களின் தட்டுக்கு அயோடின் வந்த வழிகளில் அந்த வயலும் ஒன்று. இதைச் சொல்லும்போது மரவள்ளியையும் சொல்ல வேண்டும். 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது கப்பைக்கிழங்குதான் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது. கிழங்கில் உள்ள லினமாரின் சயனைடை விடுவிக்கும். உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றித் தணித்துக்கொள்ளும். தயோசயனேட்டோ தைராய்டின் வாசலில் அயோடினோடு இடத்துக்குப் போட்டியிடுவது. மத்திய ஆப்பிரிக்காவில், அயோடின் குறைந்த உள்நாட்டுப் பகுதிகளில், மரவள்ளியே கழலையையும் பிறவிக் குறையையும் கடுமையாக்கியது. அயோடின் போதுமான அளவு இருந்தால் அந்தப் போட்டியில் தைராய்டு தோற்பதில்லை. கப்பையோடு மத்திக் குழம்பு சேர்வது நாக்குக்காக மட்டும் என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன்.

ஆனால் சேச்சியின் இரண்டாவது வாதத்தை அப்படி எளிதில் தள்ள முடியாது. கொச்சியில் தைராய்டுக் குறை உண்மையிலேயே மிகுதி. இங்குள்ள அம்ருதா மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கொச்சி மக்களில் 971 பேரைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 3.9 விழுக்காட்டினருக்கு வெளிப்படையான குறை, டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்து நிற்கும் மறைநிலைக் குறை மேலும் 9.4 விழுக்காட்டினருக்கு. மறைநிலைக் குறை பெண்களில் 11.4, ஆண்களில் 6.2. சிறுநீரில் அயோடினின் நடுமதிப்பு லிட்டருக்கு 211 மைக்ரோகிராம். அயோடின் பற்றாக்குறை இல்லவே இல்லை. பிறகு எதனால்? மறைநிலைக் குறை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், 53 விழுக்காட்டினர், தைராய்டுக்கு எதிரான எதிரணுப் புரதங்களைச் சுமந்திருந்தார்கள். அவர்களுடைய நோய் எதிர்ப்பு அமைப்பே தன் சுரப்பியைப் பகையென்று தாக்கிக்கொண்டிருக்கிறது. 1912-இல் ஜப்பானில் ஹஷிமோட்டோ விவரித்த நோய் அது. காங்ராவின் சுரப்பி மூலப்பொருளின்றித் தவித்தது. கொச்சியின் சுரப்பியோ மூலப்பொருள் குவிந்திருக்கச் சொந்தக் காவலரிடமே அடிபடுகிறது. டி.எஸ்.எச். இரண்டிலும் உயரும். பிட்யூட்டரிக்குக் காரணம் தெரியாது. கடைமடை வறண்டிருப்பது மட்டுமே தெரியும்.

அயோடினுக்கும் இந்தத் தாக்குதலுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சீனாவில் அயோடின் அளவு வெவ்வேறாக உள்ள மூன்று பகுதிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், அயோடின் சற்றுக் குறைந்த பகுதியில் புதிதாக மறைநிலைக் குறை வந்தவர்கள் 0.2 விழுக்காடு, தேவைக்குச் சற்று மேலே இருந்த பகுதியில் 2.6; மிகையான பகுதியில் 2.9. டென்மார்க்கும் 2000-இல் அயோடின் உப்பைக் கட்டாயமாக்கிய பின் குறை சிறிது கூடுவதைப் பதிவு செய்தது. கொச்சியின் 211, உலகச் சுகாதார நிறுவனம் நெடுங்காலம் 'போதுமானது' என்று வகுத்திருந்த 100 முதல் 199 வரையான வட்டத்துக்கு ஓர் அடி வெளியே நிற்கிறது. அந்த மேல் வரம்பை 299 வரை தள்ளலாம் என்ற கருத்தும் பின்னர் வந்தது. உப்பையும் மீனையும் ஒருசேரப் பெற்ற ஊருக்கு எவ்வளவு அயோடின் என்று அவ்வப்போது அளந்து, அளவைத் திருத்திக்கொள்வதே முறை. எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவு என்பது நிர்வாகத்துக்கு எளிது; தைராய்டு அந்த வசதியை அறியாது. ஆனால் ஒரு மக்கள்தொகையின் அளவைத் திருத்துவது வேறு. எட்டு வாரக் கர்ப்பிணி ஒருத்தி தானாக உப்பை நிறுத்துவது வேறு. சுரப்பி ஏற்கெனவே தாக்கப்பட்டிருக்கிறது; அயோடினை நிறுத்துவது அதைத் திருப்பிக் கட்டித் தராது. கர்ப்பத்தில் தேவையும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராமாக உயர்கிறது.

*

சேச்சியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கில்கித்தின் ஓடையோரக் குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு வாரம் வரை குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவிடம் கடன் வாங்கித்தான் மூளை வளர்கிறது, நீங்கள் பார்க்கலாம் என்று ஒதுக்கிய ஒரு மாதம் அந்தக் கடன் காலத்தின் நடுவில் விழுகிறது என்று சொன்னேன். மாத்திரையில் இருப்பது சுரப்பி சுரக்கும் அதே தைராக்சின்தான், ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், அதனால்தான் நாளுக்கு ஒருமுறை போதும் என்றும் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகு மாத்திரை தேவையா இல்லையா என்பதை மருத்துவர் மறுபடி சோதித்துச் சொல்லட்டும். அது என் துறையன்று.

"அப்போ காணொலியில் சொன்னது முழுக்கப் பொய்யா?" என்றார் சேச்சி.

"முழுக்க இல்லை சேச்சி. அதனால்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

மருமகள் இதுவரை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் மாத்திரை அட்டையை எடுத்து, படுக்கைக்கு அருகே தண்ணீர்ச் செம்போடு வைத்தாள். காலைச் சாயாவுக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் அதோடு சேராமல் நான்கு மணி நேரம் தள்ளி. இந்துப்பு ஜாடி மாங்காய் ஊறுகாய்க்குப் போய்விட்டது. நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அன்று நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.